சென்னையிலிருந்து வேதாந்தம் பேசுகிறேன்

"சர்வர் டவுன்மா, உக்காரு. சர்வர் வந்தாத்தான் நான் வருவேன்."

இப்போ டீ குடிக்கப் போனாரே, அந்தத் தபால் கவுன்டர் அண்ணாச்சி குரல்தான் இது. சரியா இருக்கா அக்கா? இன்னும் கொஞ்சம் மூக்கைச் சேர்க்கணும். அவருக்கு ஜலதோஷம். இருங்க. "செர்வர் டவுன்ம்மா." இப்போ? பார்த்தீங்களா, நீங்களே அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்துட்டீங்க!

என் பேர் பிரம்மசக்தி. பதினொண்ணாம் வகுப்பு. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் கட்டடம் தெரியுது இல்லையா, வாகையூர் மேல்நிலைப் பள்ளி, அதுதான். யூனிபார்மோட இந்த நேரத்துல தபால் ஆபீஸ்ல உனக்கென்ன வேலைன்னு பார்க்கிறீங்க. கட் அடிக்கலை அக்கா, சத்தியமா. எங்க எச்.எம். தான் அனுப்பினாங்க. கவர் வாங்க. கணக்குப் பீரியட்ல, கவர் வாங்க! எனக்கு அதிர்ஷ்டம் எப்பவும் இப்படித்தான், தானா வந்து மடியில விழும்.

எச்.எம். குரல் கேட்கிறீங்களா? "பிரம்மசக்தி... ஓடாதே... நடந்து போ..." அவ்வளவுதான். தூங்குற பிள்ளை பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரியே பேசுவாங்க. கிருபாவதி டீச்சர்னு பேர். ரொம்பப் பயந்த சுபாவம். அந்தப் பயத்தை வச்சு நான் பண்ணின ஒரு காரியம் இருக்கு. சர்வர் வர்ற வரைக்கும் சொல்றேன். யாருக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும். நீங்க வெளியூர்தானே? அப்போ சரி.

எங்க பள்ளியில பெண் பிள்ளைகளுக்கு ரெண்டு கழிப்பறை. முகம் சுளிக்காதீங்க, கதையே அதுதான். ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. பழசுல கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனா ஒருத்தி வெளியே நின்னு கதவைப் பிடிச்சுக்கணும். அதுக்கு ஜோடி உண்டு. ஆறாம் வகுப்புல சேர்ந்த அன்னைக்கே எல்லாரும் ஒரு கதவுக்கூட்டாளியைப் பிடிச்சுருவோம். கூட்டாளியோட சண்டை போட்டா அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்க வேண்டியதுதான். அதனால எங்க பள்ளியில பெண் பிள்ளைகள் சண்டையே போட மாட்டோம். பாருங்க, அதுல அப்படி ஒரு நன்மை.

கதவு பிடிக்கிறதுல எனக்குத்தான் கிராக்கி. பையன்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தா, பி.டி. சார் குரல்ல ஒரே ஒரு சத்தம்: "எவம்ல அது?" அவ்வளவுதான், மைதானமே காலி. ஒரு தடவை பி.டி. சாரே ஓடினார்.

மத்தபடி காலையில நாங்க தண்ணி குடிக்க மாட்டோம். மத்தியானம் சோத்துக்கு அப்புறம் ஒரு மடக்கு. பழகிப்போச்சு. அதெல்லாம் ஒண்ணுமில்லை.

புதுசு இருக்கே, அது அரண்மனை. ரோஸ் டைல்ஸ், வரிசையா அறைகள், ஒவ்வொண்ணுக்கும் உள்தாழ்ப்பாள். திறப்பு விழா நடத்தி, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, அன்னைக்கே பூட்டியாச்சு. சாவி எங்க செயலாளர் இடுப்புல. எங்களுது அரசு உதவி பெறும் பள்ளி அக்கா, ஒரு சங்கம் நடத்துது. சங்கத்துக்குச் செயலாளர் ஆறுமுகநயினார். ஊர்ல கல்யாணம் காதுகுத்து எதுவானாலும் பந்தல், நாற்காலி, பாத்திரம் எல்லாம் அவர் கடையில இருந்துதான் வாடகைக்குப் போகும். குரலும் அவர் அண்டா மாதிரியே இருக்கும், பெரிசா, உள்ளே ஒண்ணும் இல்லாம. யாராவது புதுக் கழிப்பறையைத் திறக்கச் சொன்னா, "புதுசு புதுசாவே இருக்கட்டும்மா. பிள்ளைக கையில குடுத்தா நாசமாக்கிரும்லா" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மனு வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல. அன்னைக்கு நான் எச்.எம். அறை வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். வேதியியல் சார் மாதிரி பேசினதுக்காக. அது என் நிரந்தர முகவரி அக்கா, ஆதார் கார்டுலயே மாத்திக்கலாம்.

எங்க கிளார்க் கோயில்பிச்சை சார் கவரைப் பிரிச்சுப் பார்த்துட்டு, சூடான இட்லியைத் தொட்ட மாதிரி மேசையில போட்டார். அவர் பேசும்போது பாதி மூச்சுதான் வரும். "டீச்சர்... இது... நம்ம செக்‌ஷன் இல்ல."

"கோயில்பிச்சை, இந்த ஆபீஸ்ல ஒரே ஒரு செக்‌ஷன்தான். அது நீங்கதான்."

"அப்போ டி.இ.ஓ. ஆபீஸுக்கு... அனுப்பிருவோம் டீச்சர். அவுங்க திருப்பி அனுப்புவாங்க. நாம மறுபடியும் அனுப்புவோம். அதுக்குள்ள... எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துரும்."

எச்.எம். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு சத்தமா வாசிச்சாங்க. நாலு வரிதான். பள்ளியில் கட்டப்பட்ட புதிய கழிப்பறை பயன்பாட்டில் உள்ளதா? இல்லை என்றால் ஏன்? அதன் சாவி யாரிடம் உள்ளது? அதை நேரில் பார்வையிட அனுமதிக்க வேண்டுகிறேன். இப்படிக்கு, ப. மாடத்தி.

ஒரு நிமிஷத்துல சொல்லிரக்கூடிய பதில்தானே அக்கா? ஆனா பதிலைப் பத்தி ஒருத்தர்கூடப் பேசலை. பள்ளிக்கூடம் முழுக்க ஒரே பேச்சு: யார் அனுப்பினது, யார் தூண்டிவிட்டது, யாரைக் குறி வச்சு? வேதியியல் சார் ஆய்வகத்துக்கு ஓடிப்போய் உடைஞ்ச குடுவையெல்லாம் பின்பக்கம் புதைச்சார். பி.டி. சார் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த ரெண்டு கேரம் போர்டும் மறுநாள் காலையில தானா திரும்பி வந்தது. சத்துணவு ஆயாகூட அன்னைக்கு முட்டையை எண்ணிப் போட்டாங்க. மனுவுல இருந்தது கழிப்பறை மட்டும்தான்னு யாருக்காவது தோணணுமே! அந்த ஒரு வாரம் எங்க பள்ளி நடந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. வாரம் ஒரு மனு வரணும்னு நான் வேண்டிக்கிட்டேன்.

செயலாளர் வந்தார். நான் வாசல்ல. எல்லாம் கேட்டது.

"யாரும்மா டீச்சர் அவன்?"

"அவன் இல்ல சார், அவங்க. மாடத்தின்னு போட்டிருக்கு."

"புருஷன் யாரு? எந்தக் கட்சி?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது சார். எதுக்குக் கேக்கறாங்கன்னு காரணமும் கேக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கு."

"நான் காரணம் கேக்கலியேம்மா. புருஷன் யாருன்னுதான கேக்கேன்."

எச்.எம். மெதுவா, ரொம்ப மெதுவா சொன்னாங்க: "முப்பது நாளைக்குள்ள பதில் எழுதணும் சார். பள்ளிக்கூடத்துக்குத் தகவல் அலுவலர் நான்தான். எழுதலன்னா அபராதம் என் சம்பளத்துல பிடிப்பாங்க. சாவி செயலாளரிடம் உள்ளதுன்னு உள்ளத எழுதிரட்டுமா?"

"தகவல் இல்லைன்னு எழுதுங்க."

"சாவி உங்க இடுப்புல தொங்குது சார்."

"இடுப்புல இருக்கதெல்லாம் தகவலாகுமா?"

நான் வாசல்ல நின்னு வாயைப் பொத்திக்கிட்டேன்.  செயலாளர் குரலைத் தணிச்சு, "ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருசம் கிடக்குல்லா டீச்சர்? ஒரு மெமோ, ஒரு விசாரணைன்னு இல்லாம நல்லபடியா போகணும். என்ன?" என்றார். எச்.எம். மனுவை மடிச்சுக் கவருக்குள்ள வச்சாங்க. சொன்னேனே, பயந்த சுபாவம்.

அப்புறம் செயலாளருக்கு ஒரு யோசனை வந்தது. எங்க ஊர்ல பெரிய மனுஷங்க எல்லாப் பிரச்சினைக்கும் வச்சிருக்கிற யோசனை. பொன்னாடை. நேரா வீட்டுக்குப் போறது, பழத்தட்டோட ஒரு சால்வையைப் போர்த்துறது, மனுவைத் திரும்ப வாங்கிக்கச் சொல்றது. மாடத்தியக்கா எங்க தெருதான். வழி காட்ட என்னைக் காருல ஏத்திக்கிட்டாங்க. ஏ.சி. காரு!

மாடத்தியக்கா முறத்தை மடியில வச்சு பீடி சுத்திக்கிட்டிருந்தாங்க. செயலாளர், எச்.எம்., கோயில்பிச்சை சார், நான். நாலு பேரும் அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் வெளிச்சமே போயிடுச்சு. செயலாளர் சால்வையை உதறிப் போர்த்தினார். அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை. பீடி இலை பறந்துரும்னு.

"எதுக்கு அண்ணாச்சி இது? நான் என்ன எலெக்‌ஷன்லயா நின்னேன்?"

"ஒரு தாயா பள்ளிக்கூடத்து மேல உனக்கு இம்புட்டு அக்கறை இருக்கேன்னுதான்மா."

"அப்பிடியா! ஏட்டி கார்த்தி, பழத்த உள்ள கொண்டு வையி." அவங்க மக கார்த்தீஸ்வரி, எட்டாம் வகுப்பு, வந்து தட்டை வாங்கிக்கிட்டுப் போனா. மாடத்தியக்கா சால்வையை மடிச்சுத் தலைமாட்டுல வச்சாங்க. "ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி. சரி, கக்கூச எப்ப தொறக்கப் போறிய?"

செயலாளர் முகத்தை நீங்க பார்த்திருக்கணும்! "இல்லம்மா, இப்ப ஒனக்குத்தான் மரியாத பண்ணிட்டோமே?"

"மரியாத எனக்குப் பண்ணினிய. ஒண்ணுக்குப் போகணும்கது எம் மகள்லா."

கோயில்பிச்சை சார் அங்கேயே இருமினார், சிரிப்பை மறைக்க. செயலாளர் அவரை முறைச்சுட்டு, "சரி, ஒனக்கு இதெல்லாம் எழுதிக் குடுக்கது யாரும்மா? அத மட்டும் சொல்லிரு" என்றார்.

"எம் மகதான் எழுதுனா. ஒங்க பள்ளிக்கூடத்துலதான படிக்கா. விண்ணப்பம் எழுதுகன்னு பாடத்துல வருதாம்லா?"

எட்டாம் வகுப்புத் தமிழ் எங்க எச்.எம். தான் எடுக்கிறாங்க. நான் அவங்களைத் திரும்பிப் பார்த்தேன். அவங்க மும்முரமா சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. பாவம், தான் சொல்லிக் குடுத்த பாடம் தன் தலையிலேயே வந்து விடியும்னு தெரியாம சொல்லிக் குடுத்திருக்காங்க.

கிளம்பும்போது மாடத்தியக்கா சொன்னாங்க. இதுவரைக்கும் பேசின மாதிரி இல்லாம, கையில சுத்தின பீடியைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. "ரெண்டு தடவ நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரில கிடந்துட்டா. தண்ணி குடிக்காம கிடந்தா இப்பிடித்தான் வரும்னு டாக்டரம்மா என்னைய ஏசுதாவ. அது தொறக்கட்டும், அனுப்புதேன். இல்லன்னா எங்கூட உக்காந்து பீடி சுத்தட்டும். படிப்பு முக்கியந்தான். இல்லங்கல."

மறுநாள்ல இருந்து கார்த்தீஸ்வரி வரலை. அவ முறம் முன்னாடி உட்கார்ந்திருக்கிறதைப் பள்ளிக்கூடம் போகும்போது நான் தினமும் பார்த்தேன். நான் மாடத்தியக்கா குரல்ல ஏதாவது சொன்னா முன்னாடியெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பா. இப்போ சிரிக்கலை. எனக்கு அதுல ஒண்ணும் இல்லை அக்கா. ஆனா நாம பேசி ஒருத்தி சிரிக்கலைன்னா ஒரு மாதிரி இருக்கும் இல்லையா, தொழில்ரீதியா.

சரி, இப்போதான் என் காரியம் வருது.

ஒரு நாள் செயலாளர் மறுபடியும் எச்.எம். அறைக்கு வந்தார், "தகவல் இல்லை"ன்னு எழுதி வாங்காமப் போறதில்லைன்னு. கோயில்பிச்சை சார் போன் வராந்தாவுல சார்ஜ்ல கிடந்தது. அதுக்குப் பூட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எடுத்தேன். எச்.எம். அறை ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் ஷெட். அங்கே போய் உட்கார்ந்தேன். உள்ளே நடக்கிறது எல்லாம் எனக்குத் தெரியும், நான் அவங்களுக்குத் தெரிய மாட்டேன். ஒரு சின்ன விளையாட்டுதான், செயலாளர் நடுங்குறதைப் பார்க்கணும்னு ஆசை.

ஆம்பளைக் குரலுக்கு ஒரு வித்தை இருக்கு. தாடையைக் கழுத்தோட அழுத்தி, வயித்துல இருந்து பேசணும். வார்த்தைக்கு வார்த்தை நடுவுல பேப்பர் புரட்டணும், அப்போதான் அதிகாரி. எச்.எம். நம்பரைப் போட்டேன்.

"வணக்கம். சென்னையிலிருந்து பேசுகிறேன். தகவல் ஆணையம். என் பெயர் வேதாந்தம்."

உள்ளே எச்.எம். போனைக் காதுல வச்சாங்க, எடுத்தாங்க, திரையை ஒரு தடவை பார்த்தாங்க. திரும்பவும் காதுல வச்சாங்க.   அப்புறம் டக்குன்னு எழுந்து நின்னுட்டாங்க அக்கா! நாற்காலியை விட்டு! "வணக்கம் சார்! சார், நீங்க பேசறது சரியாக் கேக்கல, ஸ்பீக்கர்ல போடறேன் சார்!" போட்டு, போனை மேசையில குப்புறக் கவிழ்த்து வச்சுட்டாங்க. பதற்றத்துல என்ன செய்றோம்னே தெரியலை போல.

செயலாளரும் எழுந்துட்டார். எவ்வளவு பயம்!

"உங்கள் பள்ளியில் ஒரு மனு நிலுவையில்..." என்று ஆரம்பிச்சேன். உண்மையைச் சொன்னா, அதுக்கு மேல நான் ஒண்ணும் தயார் பண்ணலை. ஆனா பயந்தவங்க இருக்காங்களே, தாங்களே எல்லாத்தையும் உளறிக் கொட்டிருவாங்க. எச்.எம். கொட்டோ கொட்டுன்னு கொட்டினாங்க.

"ஆமா சார், கழிப்பறை மனு சார். மனுதாரர் நேர்ல வந்து பார்வையிட உரிமை இருக்குன்னுதான சொல்றீங்க சார்?"

"ஆமாம். அதைத்தான் சொல்கிறேன்."

"நாளைக்கேவா சார்? நாளைக்குக் காலையிலயேவா?"

"நாளைக்கே. காலையிலயே."

"சார், சாவி என்கிட்ட இல்லாட்டி? ஓ... தகவல் அலுவலர் உதவி கேட்டும் குடுக்காதவங்க யாரா இருந்தாலும் அவங்க மேலயும் அபராதம் வரும்னு அஞ்சாம் பிரிவுல இருக்குன்னு சொல்றீங்களா சார்?"

எனக்கு அஞ்சாம் பிரிவும் தெரியாது, ஆறாம் பிரிவும் தெரியாது. "அஞ்சுதான் அம்மா, அஞ்சுதான். அஞ்சேதான்" என்றேன்.

"பெயரும் எழுதி அனுப்பணுமா சார்? சாவி வச்சிருக்கவங்க பெயர்?"

"முகவரியோடு."

அந்த நேரம் பார்த்து மூணாம் பீரியட் மணி அடிச்சது. ஜன்னல் வழியாவும் கேட்டது, போன் வழியாவும் கேட்டது. ரெண்டு மணி, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. செத்தேன்னு நினைச்சேன். எச்.எம். என்ன சொன்னாங்க தெரியுமா? செயலாளரைப் பார்த்து, "சென்னையிலயும் மணி அடிக்குது சார், பெரிய ஆபீஸ்லா" என்றாங்க! அக்கா, ஒரு தலைமையாசிரியை! எம்.ஏ., எம்.எட்.! இப்படியா ஏமாறுவாங்க?

ஏன் சிரிக்கிறீங்க? ஆமா, எனக்கும் அப்போ இப்படித்தான் சிரிப்பு வந்தது.

செயலாளர் இடுப்புல இருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து மேசையில வச்சார். அவிழ்க்கும்போது வேட்டியும் சேர்ந்து அவிழப் பார்த்தது. "சார்கிட்ட சொல்லிருங்க டீச்சர், நான் ஒத்துழைப்புக் குடுக்கேன்னு. நயினாருன்னு பேர் சொல்லாண்டாம்." அண்டாவுக்குள்ள இருந்து எலி பேசின மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில மாடத்தியக்கா வந்தாங்க. அந்தப் பொன்னாடையைப் போர்த்திக்கிட்டே வந்தாங்க! எச்.எம். பிரேயரை முடிச்சுட்டு யாரையும் வகுப்புக்குப் போகச் சொல்லலை. மறந்துட்டாங்க போல. பள்ளிக்கூடமே நின்னு பார்க்க, கதவைத் திறந்தாங்க.

முதல் அறையில அண்டா. ரெண்டாவது அறையில அண்டாவுக்குள்ள அண்டா. மூணாவதுல பிளாஸ்டிக் நாற்காலி, கூரை வரைக்கும். கடைசி அறையில சிவப்பு வெல்வெட்டு, தங்கக் கைப்பிடி, ராஜா ராணி நாற்காலி ரெண்டு, ஒட்டி ஒட்டி. கல்யாண மேடையில போடுவாங்களே, அது! கழிப்பறைக்குள்ள! எட்டாம் வகுப்புல ஒருத்தியோட அக்காவுக்குப் போன மாசம்தான் கல்யாணம் முடிஞ்சிருந்தது. "ஐயோ, எங்க அத்தான் உக்காந்த சேரு!" என்று கத்தினா பாருங்க. பி.டி. சார் விசில் ஊதினார், எதுக்குன்னே தெரியாம.

மாடத்தியக்கா ஒவ்வொரு அறையா நிதானமா பார்த்தாங்க. கடைசியில அந்த ராணி நாற்காலியில விரலை வச்சுத் தூசியைத் துடைச்சுப் பார்த்துட்டு, "பாத்துட்டேன் டீச்சர். பதில்ல இதையும் எழுதிருங்க" என்றாங்க. எச்.எம். எழுதினாங்க. எத்தனை அண்டா, எத்தனை நாற்காலி, யாருடையதுன்னு. பயந்துபோய் ஒண்ணுவிடாம எழுதிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள மினி லாரி வந்து எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு.

அன்னைக்கு எச்.எம். என்னைக் கூப்பிட்டாங்க. மாட்டிக்கிட்டேன்னு நினைச்சேன். ஆனா அவங்க மேசையில இருந்து பனங்கற்கண்டு எடுத்துக் குடுத்து, "தொண்டை கட்டியிருக்குல்ல? வயித்துல இருந்து பேசினா அப்படித்தான் ஆகும். வெந்நி குடி" என்றாங்க. நான் பேசவே இல்லையே, எப்படித் தெரிஞ்சதுன்னு யோசிச்சேன். பார்த்தாலே தெரியும் போல. அப்புறம், "கோயில்பிச்சை சார் கண்ட இடத்துல போனைப் போட்டு வைக்கறார். இனிமே அது என் அறையில இருக்கட்டும்" என்றாங்க. பாவம் அந்த மனுஷன். எங்கே சார்ஜ் போடணும்ங்கிறதுக்குக்கூட ஒரு ஆர்டர்.

கார்த்தீஸ்வரியும் வந்தா. ஒரு நாள்தான் வந்தா அக்கா. உள்ளே போய்க் குழாயைத் திருகினா காத்து வருது. மோட்டார் இருக்கு, இணைப்பு குடுக்கலை. தண்ணி இல்லாத இடத்துல அத்தனை பிள்ளைகள் போனா என்ன ஆகும்? மூணாம் நாள் எச்.எம்.மே அதைப் பூட்ட வேண்டியதாப் போச்சு. பழைய கதவு, பழைய கூட்டாளி. கார்த்தீஸ்வரி திரும்பவும் முறத்துக்கு முன்னாடி. இப்போ அவங்க அம்மாவை விட வேகமா சுத்துறாளாம். பீடிக்கடைக்காரர் அவ பேர்லயே தனி பாஸ், அதான் இலை குடுத்துக் கூலி எழுதுற புத்தகம், போடலாம்னு சொல்லியிருக்கார். மாடத்தியக்கா இன்னும் சரின்னு சொல்லலை. போட்டாச்சுன்னா அதுக்கப்புறம் அவ பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டா. எங்க தெருவுல பாஸ் போட்ட பிறகு திரும்பி வந்தவங்க யாரும் இல்லை. எனக்கு அதுல ஒண்ணும்... சரி, விடுங்க.

மாடத்தியக்கா இன்னொரு மனு போட்டிருக்காங்க. தண்ணீர் இணைப்பு எந்தத் தேதியில் கொடுக்கப்படும்? ஒரே கேள்விதான். தேதி சொல்ல வேண்டியது செயலாளர். அவரு "தகவல் இல்லை"ன்னு எழுதச் சொல்றதுக்கு இன்னைக்குப் பள்ளிக்கு வர்றார்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேட்கிறீங்களா? அதுதான் சொன்னேனே, அதிர்ஷ்டம். காலையில நான் வழக்கம்போல வாசல்ல நின்னேன். எச்.எம். பக்கத்துல வந்து நின்னு, என்னைப் பார்க்காம, மைதானத்தைப் பார்த்துத் தனக்குத்தானே பேசிக்கிட்டாங்க. வயசாகுது இல்லையா. "பதினோரு மணிக்குச் செயலாளர் வர்றார்... மோட்டாருக்குத் தேதி கேட்டு அந்த வேதாந்தம் சார் ஒரு போன் போட்டா எவ்வளவு நல்லா இருக்கும்... பதினஞ்சு நாள் கெடுன்னு சொன்னாப் போதும்..." அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு, "ஆனா இந்தத் தடவை வேற நம்பர்ல இருந்து கூப்பிடணும்" என்றாங்க. அது எதுக்குன்னு எனக்குப் புரியவே இல்லை. அதிகாரிக்கு எந்த நம்பரா இருந்தா என்ன?

அதைச் சொல்லி முடிச்சதும் என் பக்கம் திரும்பி, "பிரம்மசக்தி, தபால் ஆபீஸ்ல போய் ரெண்டு கவர் வாங்கிட்டு வா. அவசரமில்ல. பதினொண்ணே காலுக்கு வந்தாப் போதும்" என்றாங்க. யார்கிட்ட எதைப் பேசுறோம்னே தெரியலை அவங்களுக்கு! ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க, என்கிட்ட வந்து சொல்றாங்க பாருங்க. இவங்களை ஏமாத்துறது சில நேரம் பாவமாக்கூட இருக்கு.

அக்கா, சும்மா சிரிச்சுக்கிட்டே இருக்காதீங்க, மணி பதினொண்ணு ஆகப்போகுது. உங்க போனை ஒரு அஞ்சு நிமிஷம் தர்றீங்களா? வெளியூர் நம்பர்தானே? நல்லதாப் போச்சு. நம்பர் எனக்கு மனப்பாடம். இடையில நான் கண்ணைக் காட்டும்போது நீங்க தூரத்துல இருந்து, "சார், வாகையூர் ஃபைல் ரெடி சார்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். சும்மா சொல்லுங்க, பயப்படாதீங்க. எங்க எச்.எம்.முக்கு அவ்வளவு விவரம் கிடையாது. இருங்க, தாடையை அழுத்திக்கிறேன். பேப்பர் ஏதாவது இருந்தா குடுங்க, புரட்டணும்.

ம்... போகுது.

அடேங்கப்பா, முதல் ரிங்லயே எடுத்துட்டாங்க அக்கா! எவ்வளவு பயம் பாருங்க!